குண்டூசியில் வந்த மாமா

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வருஷம் ஆனி மாதம் முழுக்கக் கடல் தொங்கியது.

கடல் என்றால் கடலின் படம். என் உயரம் இருந்த தாள். மேலே நம் கரை. அதில் மெட்ராஸ் ஒரு புள்ளி. கீழே ஓரமாக, கடுகு சிந்தியதுபோல மொரீஷியஸ். நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத வெள்ளை முழுக்கப் பொடிப்பொடி எண்கள். எல்லாம் ஆழம் என்று மாமா சொல்லியிருந்தார். திருத்தணியில் எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்த ஆழம் அவள் வீட்டுக் கிணறு மட்டும். மற்றபடி எங்களுடையது அண்ணாந்து பார்க்கிற ஊர். பால்காரர்கூட மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆழாக்கைக் கையில் எடுப்பார். அப்படிப்பட்ட ஊரில், கூடத்துச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, ஒரு சமுத்திரத்தை மாட்டிவிட்டுப் போனார் மாமா.

அவர் அத்தையின் வீட்டுக்காரர். அத்தை, நைனாவின் தங்கை; இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தமிழில் தெலுங்கு சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா எங்களுக்கு நைனா.

மாமா முதலில் அரக்கோணம் ரோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தார். மெட்ராஸில் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரு ரிட்டயர்டு கேப்டன், கிழிந்த பாய் ஒன்றை அவரிடம் தைக்கக் கொடுத்தார். தையலைப் பார்த்ததும் தைத்தவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அந்தக் கேப்டன் மொரீஷியஸில் வேறொரு படகு வாங்கினார். அதில் எஞ்சின் பேருக்கு. ஓட்டுவது பாயும் காற்றும். அதை ஊருக்குக் கொண்டு வர மூன்று பேர் போனார்கள். கேப்டன், அவருடைய சிநேகிதர், வழியில் பாய் கிழிந்தால் தைக்க எங்கள் மாமா.

"லாரியா இருந்தா இன்னா, படகா இருந்தா இன்னா மச்சான். காத்து ஒண்ணுதானே?" என்றார் நைனாவிடம்.

நைனா ரயில்வேக்காரர். தினமும் அரக்கோணம் போய் வருகிறவர். படத்தைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி.

"நடுவுல ஸ்டேஷனே இல்லியா?"

மொரீஷியஸ் துறைமுகமான போர்ட் லூயியிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. அதை நைனா கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அத்தைதான் தனியாகப் படிக்க விரும்பியிருப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் தனி என்ற அறை இல்லை.

படகு ஒரு நாளைக்கு நூறு மைல் ஓடும் என்று மாமா எழுதியிருந்தார். நூறு மைல் என்றால் படத்தில் இரண்டு விரற்கடை. புறப்பட்ட தந்தி வந்த நாளிலிருந்து, தினம் இரண்டு விரற்கடை ஊசியை மேலே நகர்த்து. வயர்லெஸ் கூப்பிடு தூரத்துக்குத்தான் பேசும், அதனால் தகவல் எதுவும் வராது. நான் எங்கே என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். கேப்டனும் கடலில் அப்படித்தான் போடுகிறார். இருபத்தைந்து நாள். பிறகு கடைசி வரி: "ஊசி மெட்ராஸ் வந்து சேர்ந்தும் நான் வராவிட்டால், அப்போது அழு. அதற்கு முன்னால் ஒரு சொட்டு வரக் கூடாது. ஆமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அந்த வரி எனக்கும்தான் கேட்டது. எட்டு வயதில் எல்லாமே கேட்கும்.

ஊசி என்பது ஒரு குண்டூசி. அதன் தலையை ஒட்டி, பாய்த்துணியில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு முக்கோணத்தை மாமாவே தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தந்தி வந்த அன்றைக்கு அத்தை அதைக் கடுகின்மேல் குத்தினாள். மறுநாள் இரண்டு விரலைச் சேர்த்து வைத்து அளந்தாள். உலையில் அரிசிக்குமேல் தண்ணீர் அளக்கிற அதே விரல்கள். ஊசியைப் பிடுங்கி விரலுக்கு அந்தப் பக்கம் குத்தினாள். நூறு மைல் முடிந்தது.

"கடலையே ரெண்டு வாட்டி பாத்தவ, அதுவும் கால மட்டும் நனைச்சிகினு வந்தவ, கடல அளக்கறாளே!" என்றாள் அம்மா.

"அண்ணி, நீங்க நனைச்சது கூட இல்லியே."

"எனக்கின்னாத்துக்கு? எம் புருஷன் அரக்கோணத்துக்கு அந்தாண்ட போவமாட்டான்."

அம்மா ஒரு சட்டம் மட்டும் போட்டாள். விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடக் கூடாது. உப்பும் ஊசியும் பொழுது சாய்ந்தபின் கை மாறினால் லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் தெருவுக்கே சட்டம். கடையில் கேட்டால்கூட அந்த நேரத்தில் ஊசி என்று பேர் சொல்ல மாட்டார்கள். ஆகவே மாமாவின் படகு தினமும் நாலரை, ஐந்து மணிக்கு ஓடியது. விளக்கு ஏற்றியதும் கடல் அப்படியே நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தால் ஊசி நகர்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். முதலில் என் மார்பளவில் இருந்தது, பிறகு மூக்கு, பிறகு நெற்றி. மாமா எனக்கு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தார், எங்கள் ஊருக்கு வருகிற எல்லோரும் ஏறுவதுபோல.

பத்தாம் நாளோ என்னவோ, எனக்குப் பொறுக்கவில்லை.

மாமா எனக்கு ஒரு சங்கு கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். இன்னொன்று, அவர் இல்லாத வீட்டில் சத்தம் குறைந்திருந்தது. அவர் சாப்பிடும்போதுகூடச் சத்தமாகச் சாப்பிடுவார். ஆகவே காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன், அம்மா அடுப்பங்கரையிலும் அத்தை கிணற்றடியிலும் இருக்கிற நேரம் பார்த்து, ஊசியைப் பிடுங்கி அரை விரற்கடை மேலே குத்தினேன். சும்மா, ஒரு தள்ளு. ஊசி போன இடத்துக்குப் படகு போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டு வண்டி மேட்டில் திணறினால் நாலு பேர் கை கொடுப்பதில்லையா?

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மறுநாளும் தள்ளினேன். மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டேன், காற்று வேண்டுமே என்று. பாய்த்துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றைக்குக் கடலில் நல்ல காற்று.

இலங்கை பக்கவாட்டில் வந்தபோதுதான் கோளாறு ஆரம்பித்தது.

சாயங்காலம் அத்தை எல்லோருக்கும் முன்னால் இரண்டு விரற்கடை நகர்த்துவாள். காலையில் நான் எழுந்து பார்த்தால் ஊசி முன்தினம் இருந்த இடத்துக்கும் கீழே இருக்கும். முதல் நாள் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் பென்சிலால் பொட்டு வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பொட்டு இருந்தது. ஊசி பொட்டிலிருந்து மூன்று விரற்கடை கீழே.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடல் அவரைப் பின்னால் தள்ளுகிறது. நாங்கள் தூங்கும்போது, யாரும் பார்க்காதபோது, எங்கள் கூடத்துச் சுவரிலேயே அலை அடிக்கிறது.

நான் விடவில்லை. நாற்காலி போட்டு ஏறி மூன்று விரற்கடை தள்ளினேன். மறுநாள் காலை, தள்ளியதற்கும் சேர்த்து, மறுபடி கீழே. மறுபடி தள்ளினேன். வீட்டுக்கணக்கு செய்யவில்லை, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டேன். முட்டி போட்டுக்கொண்டே நினைத்துக்கொள்வேன்: அவர் அங்கே எவ்வளவு பெரிய கடலோடு மல்லுக்கட்டுகிறார், இந்த முட்டி என்ன பெரிய முட்டி.

அம்மாவும் கவனித்தாள்.

"இன்னாம்மா இது, போன வாரமும் சிலோன், இந்த வாரமும் சிலோனா?"

"காத்து இல்ல அண்ணி," என்றாள் அத்தை, படத்தைப் பார்க்காமல்.

அம்மா பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "ஆங்... காத்து இல்லன்னா இன்னா பண்றது," என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருபத்தைந்து நாள் எப்போதோ கடந்திருந்தது. நைனா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ரயிலு ரெண்டு மணி நேரம் லேட்டுன்னா முன் ஸ்டேஷன்ல சொல்லிடுவான். கடல்ல யாரு சொல்றது?" அவரே மோரை ஊற்றிக்கொண்டார்.

முப்பத்திரண்டாம் நாள் நைனாவும் அத்தையும் மெட்ராஸ் போனார்கள். கேப்டன் வீட்டில் விசாரிக்க, துறைமுகத்தில் கேட்க. எனக்கு அது பிற்பாடு தெரிந்தது, அங்கே ஒரு தகவலும் கிடைக்கவில்லை என்பதும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு பேரும் விடியற்காலை வண்டிக்குக் கிளம்பிப் போனார்கள், அத்தை நல்ல புடவை கட்டியிருந்தாள் என்பதுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். ஊசி முன்தினம் சாயங்காலம் அத்தை குத்திய இடத்திலேயே இருந்தது. ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. அன்றைக்குக் கடல் அசந்திருந்தது.

இதை விட்டால் வேறு நாள் வராது என்று தோன்றியது. டிரங்குப் பெட்டியை இழுத்து, அதன்மேல் முக்காலியை வைத்து, சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன். கை எட்டியது. ஊசியைப் பிடுங்கினேன். சிலோனிலிருந்து ஒரே தூக்கு. மெட்ராஸ் என்ற எழுத்தின் பக்கத்தில், அந்தப் புள்ளியின் நடுவிலேயே, கட்டைவிரல் வலிக்க வலிக்க அழுத்திக் குத்தினேன். நல்ல நாளாகப் போயிற்று. இறங்கி, எல்லாவற்றையும் பழையபடி வைத்து, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் திரும்பியபோது அம்மா விளக்கு வைத்துவிட்டிருந்தாள். அத்தை படியில் கால் வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அத்த, மாமா வந்துட்டாரு! மெட்ராஸ் வந்துட்டாரு! வந்து பாரேன்!"

அவள் பார்த்தாள்.

அடி கன்னத்தில் விழுந்ததா காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தை என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நைனா "ஏம்மே, ஏம்மே! கொழந்தய இன்னாத்துக்கு..." என்று நடுவில் வந்தார். அத்தை அவரைத் தள்ளிக்கொண்டு போய், எட்டி, ஊசியைப் பிடுங்கினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லட்சுமி போகிற நேரம். அம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அத்தை ஊசியைத் தன் முந்தானையில், தோள்பட்டையை ஒட்டிக் குத்திக்கொண்டாள்.

சுவரில் கடல் காலியாக இருந்தது. கப்பல் இல்லாத கடல் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் பார்த்தேன்.

நான்தான் மூழ்கடித்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பேராசைப்பட்டு ஒரே தூக்காகத் தூக்கினேன், படகு தாங்கவில்லை, அத்தைக்கு அது தெரிந்துவிட்டது, அதனால்தான் அடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அதன்பின் பதினொரு நாள். ஊசி புடவைக்குப் புடவை மாறிக்கொண்டே இருந்தது. படகு அத்தையின் தோளில் ஏறி அடுப்பங்கரைக்குப் போயிற்று, கிணற்றடிக்குப் போயிற்று, மொட்டை மாடியில் வடகத்துக்குக் காக்கை விரட்டியது. நான் பின்னாலேயே போனேன், விழுந்துவிடப்போகிறதே என்று. அத்தை எல்லா வேலையும் செய்தாள். அழுததாக எனக்கு நினைவில்லை. மெட்ராஸ் என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் மஞ்சளாகிப் போனது. ஆந்திராவிலிருந்து, வேலூர்ப் பக்கமிருந்து, ரயிலில், லாரியில், நடந்து. தெரு முழுக்கப் பூக்காவடி, தலைக்குத் தலை அரோகரா. எங்கள் தெருமுனையில் மோர்ப் பந்தல். அம்மா அந்தக் கூட்டத்தில் அத்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சாமியைப் பார்க்கிற சாக்கில் நாலு மனிதரையாவது பார்க்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

பந்தலருகில் ஓர் ஆளைச் சுற்றிக் கும்பல். செருப்பில்லாத கால். மார்பு வரை தாடி. வெயிலில் கருகிய முகம், உதடெல்லாம் வெடிப்பு. அந்த ஆள் நிற்க முடியாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தான். "சாமி வந்துகினு இருக்குது, வழி வுடுங்க!" என்றார் ஒருவர். ஒரு பெண் பிள்ளையை அவன் காலில் போட்டாள். யாரோ நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "வாக்கு சொல்லு சாமி!" என்றார்.

"வாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றது சாமி. "தரை ஆடுதுய்யா. இன்னொரு சொம்பு மோர் குடு."

அந்தக் குரலை எனக்கு முன்னால் அத்தை கேட்டுவிட்டாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் போன வேகத்தில் ஒரு காவடியின் பூ எல்லாம் உதிர்ந்தது. நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். நாற்பத்து மூன்று நாள் அழுகை. அருள் அவளுக்கும் வந்துவிட்டது என்று அவளுக்கும் விபூதி பூசினார்கள்.

மெட்ராஸ் வந்து சேர்ந்ததும் மாமா தந்தி கொடுத்திருந்தார். கஸ்டம்ஸில் இரண்டு நாள் உட்கார வைத்த பிறகும் அந்தத் தந்தியை முந்திக்கொண்டு அவரே வந்துவிட்டார். மறுநாள் தபால்காரர் கொண்டுவந்தபோது, கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மாமாதான்.

வந்த நாலாம் நாள், தரை ஆடுவது நின்ற பிறகு, மாமா கூடத்தில் தன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். படகு தினமும் எங்கே இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. "ஊசி எங்க?" என்றார். அத்தை தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கடுகிலிருந்து ஆரம்பித்தார். பூமத்திய ரேகைக்குக் கீழே ஒரே இடத்தில் பத்து, பன்னிரண்டு தடவை குத்தினார். அங்கேதான் காற்று செத்துப் போனதாம். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்ததாம். கொண்டு போன தண்ணீரை டம்ளர் அளந்து குடித்தார்களாம். நாங்களோ அந்த இடத்தை நாலே நாளில் தாண்டியிருந்தோம், மின்விசிறியின் உபயத்தில்.

பிறகு அவர் விரல் சிலோனுக்கு வந்தது. அங்கே நின்றது.

"இங்க இன்னா இத்தினி ஓட்ட?"

"பூச்சி அரிச்சிருக்கும்," என்றாள் அத்தை.

ஊசி போட்ட ஓட்டை எது, பூச்சி போட்ட ஓட்டை எது என்று அவருக்கா தெரியாது? தாளைப் பின்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "இந்த எடத்துல நல்ல காத்து. ரெண்டே நாள்ல தாண்டினோம்," என்று மட்டும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, உயிர் போய் உயிர் வந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பூச்சி என்று அத்தை பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற என்று நினைத்தேன். சங்கு எனக்குக் கிடைத்தது. அதைக் காதில் வைத்தபோதெல்லாம் கன்னத்தில் விழுந்த அடியின் சத்தமும் கொஞ்சம் கேட்டது.

மாமா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன, கடலில் இல்லை, கட்டிலில். நான் ஓர் ஊரில் நாலு வருஷம் சேர்ந்தாற்போல் தங்காதவளாக வளர்ந்துவிட்டேன். போன மாதம் திருத்தணி போயிருந்தபோது, வெள்ளையடிக்கப் பரண் ஒழித்தார்கள். சுருட்டிய தாள் ஒன்று விழுந்தது. பிரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு கையாலும் பிடித்தேன்.

வெயில் ஓட்டைகளின் வழியே வந்தது. கடுகிலிருந்து ஒழுங்காக ஒரு வரிசை. மாமா பின்னால் குத்திய வரிசை ஒன்று. சிலோனுக்குப் பக்கத்தில் மட்டும் நெருக்கமாக, மாவு சலிக்கிற சல்லடைபோல, மேலும் கீழும் மேலும் கீழும். ஒரு கூட்டம் வெளிச்சம். காலையில் நான் குத்தியதும் சாயங்காலம் அத்தை குத்தியதும் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓட்டைகள் அதற்கும் மேலே இருந்தன.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊசிப் பொட்டுப் பொட்டாக வெயில் அவள் புடவையில் விழுந்தது. குனிந்து அதைப் பார்த்தாள்.

"கோலம் போடறதுக்கு முன்ன வந்து இழுத்து வெப்பேன்," என்றாள், நான் எதுவும் கேட்காமலே. "மேல போய்ச் சேந்துட்டா அழணுமே. எழுதிட்டாரே மனுஷன்."

"நான் காலைல தள்ளுவேன், அத்த. தெரியுமா?"

"ஏன் தெரியாது? நாக்காலி இழுக்கற சத்தம் கிணத்தடிக்குக் கேக்காதா?"

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

"நான் ஒருத்தியே இழுத்துகினு இருந்தா அவரு மொரீஷியஸுக்கே போயிருப்பாரேடி. நீ தள்ளுவேன்ற தைரியத்துலதான் நான் இழுத்தேன்."

நாற்காலியில் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தச் சுவரில் நான் தனியாகத்தான் தள்ளுகிறேன் என்று நினைத்திருந்தேன்.